மில்லில் வைத்த எழுத்து வகுப்பு மூன்றே வாரத்தில் காலியானது ஏன்?

கேள்வி: அம்மா, வணக்கம். மன்னார்குடி பக்கத்தில் எங்கள் குடும்பம் நவீன அரிசி ஆலை நடத்துகிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 34 பேர் வேலை செய்கிறார்கள். அதில் பீகாரிலிருந்து வந்த மூட்டை தூக்கும் ஆட்களும் உண்டு. உள்ளூர் ஆட்களில் 14 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரும்பாலும் பெண்கள், 40 வயதைத் தாண்டியவர்கள். போன மாசியில் குடோனில் பூச்சிக்கு மாத்திரை வைத்துப் பூட்டி, கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தோம். பின்பக்கக் கதவிலும் அதே அறிவிப்பு இருந்தது, ஆனால் பூட்டவில்லை. கூட்டிப் பெருக்கப் போன ஓர் அக்கா உள்ளே போய்விட்டார். தலைசுற்றி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். அதற்கப்புறம்தான் இவர்களுக்கு எழுத்து சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பேசி, மாலை 6 முதல் 7.30 வரை வகுப்பு வைத்தேன். அணில், ஆடு, இலை என்று அவர் ஆரம்பித்தார். முதல் நாள் 14 பேரும் வந்தார்கள். சிலேட்டும் கையுமாக அவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அடுத்த வாரம் 8 பேர். மூன்றாம் வாரம் 2 பேர். கேட்டால், “இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப்போறோம் தம்பி” என்கிறார்கள். அப்பா, “படிச்ச ஆளாப் பார்த்துப் போட்டுட்டுப் போ” என்கிறார். வகுப்பைக் கட்டாயமாக்கலாமா? படித்துவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்களா? என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அந்த அக்கா நலமாக இருப்பது பெரிய நிம்மதி. உங்கள் கடிதத்தில் குடோன் பாதுகாப்பும் எழுத்தறிவும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. முதலில் அதை அவிழ்த்துவிடுவோம்.

நீங்கள் சொல்கிற மாத்திரை அலுமினியம் பாஸ்பைடாகத்தான் இருக்கும். காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. நம் நாட்டில் அதை அரசு அமைப்புகளும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களும் மட்டுமே கையாளலாம். உங்கள் ஆட்களே வைத்தார்கள் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மருந்து வைக்கிற நாளில் எல்லாக் கதவும் பூட்டியிருக்க வேண்டும், சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். காலையில் வேலை தொடங்கும் முன்பு எல்லோரையும் கூட்டி, வாயால் சொல்ல வேண்டும். கதவில் மண்டையோட்டுப் படம் பெரிதாக இருக்கட்டும். மருந்து டப்பாவில் உள்ள சாய்சதுரக் குறியில் சிவப்பு என்றால் கொடிய விஷம், அதற்கடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதற்கு எழுத்து தேவையில்லை. ஒருவருக்குப் படிக்கத் தெரியாததால் அவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலை உங்கள் ஆலையில் இருக்கவே கூடாது. அவர்கள் படித்து முடிக்கும்வரை இதற்குக் காத்திருக்க முடியாது.

நீங்கள் ஒட்டிய அறிவிப்பின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். “இக்கிடங்கில் புகைமூட்டம் செய்யப்பட்டுள்ளமையால் அனுமதியின்றி உட்பிரவேசிக்கலாகாது.” தம்பி, பத்தாம் வகுப்பு முடித்தவரும் இதை ஒரு தடவை நின்று படித்துத்தான் புரிந்துகொள்வார். “உள்ளே விஷப் புகை. வராதீர்கள்.” இவ்வளவு போதும், உள்ளங்கை அகல எழுத்தில்.

சரி, வகுப்புக்கு வருவோம். கலெக்டர் ஆகப்போறோமா என்று அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை இப்படித்தான் சொல்வார்கள். சொல்லாமல் விட்டது என்ன என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மாலை ஆறு மணி என்பது அவர்களுக்கு அடுத்த வேலை தொடங்குகிற நேரம். தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும். ஏழரைக்கு வகுப்பு முடிந்தால் மில்லிலிருந்து ஊருக்குள் போகிற டவுன் பஸ் இருக்குமா என்பது வேறு. எட்டு மணி நேரம் உழைத்தவர்களிடம் இன்னும் ஒன்றரை மணி நேரம் சும்மா கொடு என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள், ஆனால் நேரம் அவர்களுடையது.

அப்புறம் அந்த ஸ்டேட்டஸ் படம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள், சம்பந்தி வீட்டார் பார்த்திருப்பார்கள். படிக்கத் தெரியாது என்பதை ஆயுள் முழுக்க மறைத்தே வாழ்ந்தவர்கள் இவர்கள். “கண்ணாடி கொண்டுவரலை, நீயே படிச்சுச் சொல்லு” என்று சமாளித்து வந்தவர்களை, சிலேட்டோடு ஊருக்கே காட்டிவிட்டீர்கள். பதினாலு எட்டானதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கும். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, “அக்கா, கேட்காமல் படம் போட்டது தப்பு” என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் புதிய வகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

புதிய வகுப்பு வேலை நேரத்திலேயே, கூலியோடு நடக்கட்டும். வாரத்தில் மூன்று நாள், காலை டீக்கு அப்புறம் 40 நிமிடம். செலவை நாமே கணக்குப் போட்டுவிடலாம். கூலி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, நாளுக்கு 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 பேர், மூன்று நாள், 40 நிமிடம் என்றால் வாரத்துக்கு 28 மணி நேரக் கூலி, அதாவது 1,575 ரூபாய். ஆறு மாதத்துக்கு 41,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்பா இதைச் செலவு என்பார். வகுப்பையும் வேலையாக மதித்தீர்கள் என்பதை அவர்கள் நம்ப வேறு வழியில்லை என்று சொல்லுங்கள். சம்பா, தாளடி நெல் வந்து குவிகிற தை, மாசியில் ஆரம்பிக்காதீர்கள். மேட்டூர் திறக்கிற ஜூன் வாக்கில் தொடங்கினால் குறுவை நெல் வரும்வரை மூச்சு விட நேரம் இருக்கும். அதற்குள் வழக்கம் படிந்துவிடும்.

தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்யுங்கள். இதை யாரும் யோசிப்பதே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வராதவர்கள் அபூர்வம். எழுத்து கற்றுக்கொள்ள வராது என்று தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்ட பலருக்கு உண்மையில் எழுத்து கலங்கலாகத் தெரிந்ததுதான் பிரச்சினை. வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிச் செலவை ஆலை ஏற்கட்டும்.

பாடப்புத்தகம் பற்றி. அணில், ஆடு, இலை என்று அந்த ஆசிரியர் ஆரம்பித்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அது சரி. ஐம்பது வயதில் பேரன் பேத்தி எடுத்தவருக்கு, அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற தாள்தான் புத்தகம். சம்பளச் சீட்டு, பி.எஃப். குறுஞ்செய்தி, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்ததாக வங்கியிலிருந்து வருகிற தகவல், ரேஷன் கடை ரசீது, பேரனின் பள்ளிக்கூடம் அனுப்புகிற சுற்றறிக்கை.

எண்ணிலிருந்து தொடங்குங்கள், எழுத்திலிருந்து வேண்டாம். போன் நம்பர், பஸ் நம்பர், ரூபாய் நோட்டு எல்லாம் பழகி, இலக்கங்கள் பாதிக்கு மேல் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். மனக்கணக்கில் உங்களையும் என்னையும் தோற்கடித்துவிடுவார்கள். நூறு குழி ஒரு மா, ஏக்கருக்கு மூன்று மா, இருபது மா ஒரு வேலி என்று நடவுக்கூலி பேசி வளர்ந்தவர்கள். கலத்துக்கு 12 மரக்கால் என்று அறுப்புக்கூலி அளந்து வாங்கியவர்கள் அவர்களுடைய அம்மாமார்கள். இவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாளில் எழுதிய கணக்குதான் தெரியாது.

ஆகவே முதல் மாதப் பாடம் சம்பளச் சீட்டு. 24 நாள் வேலை, நாளுக்கு 450, மொத்தம் 10,800. பி.எஃப். 12 சதவீதம். சதவீதம் என்ற சொல்லை விட்டுவிட்டு, நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் என்று சொல்லுங்கள், விரலை மடக்கியே 1,296 என்று சொல்லிவிடுவார்கள். மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது நூறுக்கு முக்கால் ரூபாய். முக்கால் அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல். 81 ரூபாய். இரண்டும் போக 9,423. இந்த எண்ணும் சீட்டில் கடைசி வரியில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் உங்களிடம் நேராக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கணக்குக் கேட்பதற்கு நீங்கள் தயாரா? ஊழியருக்கு எழுத்து சொல்லித் தருவது என்றால் இதுதான். போன மாதம் 25 நாள் வந்தேனே, 24 என்று ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் தன் பங்கு 1,296 இருக்க, முதலாளி பங்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று கேட்பார்கள். உங்கள் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போய், மீதி 3.67 மட்டும் அந்தப் பத்தியில் தெரிகிறது என்று நீங்கள் உட்கார்ந்து விளக்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று துண்டுச் சீட்டில் கூலி எழுதுகிற பழக்கம் இருந்தால் அதையும் கேட்பார்கள். பல ஆலைகளில் வகுப்பு நின்றுபோனதற்கு ஆட்கள் வராதது காரணமாக இருந்ததில்லை. கேள்வி வரத் தொடங்கியதும் மேஸ்திரிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பிடிக்காமல் போய், வகுப்பு நேரத்தில் அவசர வேலை என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் ஆலையில் அப்படி நடக்கவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டையும் சம்பளச் சீட்டையும் தெளிவான தமிழில், பெரிய எழுத்தில் மாற்றிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கு நீங்கள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், விட்டுப்போன 12 பேரும் தானே திரும்பி வருவார்கள்.

எழுத்து சொல்லித் தருவதற்கு வருகிறேன். இவர்களில் பலர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பார்கள், குழுவுக்காகக் கையெழுத்துப் போடப் பழகியிருப்பார்கள். கும்பகோணம் பக்கத்து மில் ஒன்றில் ஓர் அம்மா என் முன்னால் மல்லிகா என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்தை என் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, மிச்சம் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஐந்து வருடமாக அதை அவர் ஒரே கோலமாகப் போட்டு வந்திருக்கிறார், அதற்குள் தனித்தனி எழுத்து இருப்பதை யாரும் காட்டவில்லை. ம, ல், லி, கா என்று நான்கு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். முதல் மூன்றை மட்டும் வைத்தால் மல்லி. கா, ல் இரண்டையும் சேர்த்து வைத்தால் கால். “கால் மூட்டைன்னு சொல்றோமே, அந்தக் காலா?” என்று கேட்டார். அந்தக் கால்தான், நடக்கிற காலும் அதுதான் என்றேன். தாள்களைத் தானே மாற்றி மாற்றி வைத்து, தேநீர் ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.

அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரே முதல் பாடம். அடுத்தது மில்லில் புழங்குகிற சொற்கள். அதிலும் வரிசை பார்க்க வேண்டும். நெல் என்று ஆரம்பிக்கத் தோன்றும், வேண்டாம். நெ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது, புதிதாகப் படிப்பவரை அது குழப்பும். உமி, தவிடு, படி, கல், களம் இவை முதலில். கொம்பு வைத்த நெல், பை, மேல் எல்லாம் அப்புறம். இரண்டு பக்கமும் குறி வருகிற சோறு, கோணி அதற்கும் பின்னால். 247 எழுத்தையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். ண, ன, ந வேறுபாடு எழுத்துப் பிழை திருத்துகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாசிக்கவந்தால் போதும். மூட்டைக் கொக்கியும் துடைப்பமும் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு மெல்லிய பென்சில் நிற்காது. தச்சர் வைத்திருக்கிற தடித்த பென்சில் வாங்கிக் கொடுங்கள். நான்கு கோடு நோட்டும் வேண்டாம்.

ஆசிரியரை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் நின்று பாடம் நடத்துபவர் அவராக இருக்க வேண்டியதில்லை. எடைமேடையில் இருக்கிற பெண்ணோ, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு தொழிலாளியின் மகளோ நடத்தட்டும். அக்கா, சித்தி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற ஆள் வேண்டும். எப்படிச் சொல்லித் தருவது என்று அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் வழிகாட்டட்டும். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் தன்னார்வலர்களை வைத்து நடத்துகிறது. பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ பார்த்தால் பெயர் பதிய முடியுமா என்று சொல்வார்கள். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண்ணில் ஒரு தேர்வு உண்டு, சான்றிதழும் உண்டு. விரும்புகிறவர்கள் எழுதட்டும். அந்த மதிப்பெண்ணை நீங்கள் கேட்கவோ, கூலியோடு சேர்க்கவோ கூடாது.

ஆறு மாதத்தில் எவ்வளவு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் ஐம்பது மணி நேரம்தான். தன் பெயர், சம்பளச் சீட்டு, நெல் உலர்த்துகிற டிரையரின் டிஸ்பிளேயில் ஈரப்பதம் 14.2-க்கும் 12.4-க்கும் உள்ள வித்தியாசம், பஸ் பலகை, சின்ன வாக்கியம் ஒன்றைத் திக்கித் திக்கி வாசிப்பது. இவ்வளவு வரும். செய்தித்தாள் வாசிக்க ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். ஆறு மாதம் முடிந்ததும் விட்டுவிட்டால் எல்லாம் மறந்துபோகும். 1990-களில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். எழுத்தை மறந்தவர்களைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், சைக்கிளை மறந்தவர் யாரையும் பார்த்ததில்லை. சைக்கிள் தினமும் தேவைப்பட்டது, எழுத்துக்கு வீட்டில் வேலையே இருக்கவில்லை. உங்கள் 14 பேரில்கூட அப்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தவர் ஓரிருவர் இருக்கலாம், மெதுவாக விசாரித்துப் பாருங்கள். அதனால் மில் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றைய வேலையைப் பற்றி தினமும் ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில். “இன்று 3-ம் நம்பர் தொட்டியில் நெல் ஊறல் இல்லை” என்கிற மாதிரி. அதை வாசித்தால்தான் அன்றைய வேலை தெரியும் என்றாகட்டும், ஆபத்து சம்பந்தப்பட்டதை மட்டும் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

பீகார் ஆட்களை இந்த வகுப்பில் உட்காரவைக்காதீர்கள். அவர்களில் பலருக்கு இந்தி நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தேவை பேச்சுத் தமிழ், அதுவும் நிறுத்து, நகரு, சூடு, பெல்ட், கரண்ட் மாதிரியான சொற்கள். அறிவிப்புகளில் இந்தியிலும் ஒரு வரி சேருங்கள்.

அப்பாவிடம் பக்குவமாகப் பேசுங்கள். படித்த ஆட்களைப் போட்டுவிடலாம் என்கிறாரே, ஊறல் நெல்லை உள்ளங்கையில் தேய்த்தே பதம் சொல்கிற அக்காவுக்கு ஈடாக யாரைப் போடுவார்? ஈரப்பத மீட்டர் காட்டுகிற எண்ணை அந்த அக்காவே வாசிக்கப் பழகிவிட்டால், கையும் மீட்டரும் ஒத்துப்போகாத நாளில் எதில் கோளாறு என்று கண்டுபிடிக்கவும் அவரால்தான் முடியும்.

கட்டாயமாக்க வேண்டாம். வராதவர்கள் வழக்கம்போல் வேலையைப் பார்க்கட்டும், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. படித்துவிட்டுப் போய்விடுவார்களா என்றால், ஒருவர் இருவர் போகலாம். போனால் போகட்டும், அது அவர்கள் உரிமை. ஊரில் வீடும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற ஐம்பது வயதுப் பெண்கள் சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொண்டதற்காகத் திருப்பூருக்குப் போய்விட மாட்டார்கள்.

இப்போது நீங்கள் கொடுக்கிற சம்பளச் சீட்டு ஒன்றைப் பெயரையும் பி.எஃப். எண்ணையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த வரிகளை எப்படி எளிமையாக்கலாம், எதை முதல் பாடமாக வைக்கலாம் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.